உதவித்தொகை பெறும் மாணவருக்குப் பண ஆலோசனை: எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வி இது: அரசு உதவிபெறும் கல்லூரியில் பாடம் எடுக்கிறீர்கள். இந்த ஆண்டு உதவித்தொகைப் பொறுப்பும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. முதலாமாண்டு மாணவர்களுக்கு ‘நிதி ஆலோசனை’ நடத்தச் சொல்கிறார்கள். சேமிப்பு, சிக்கனம், மியூச்சுவல் ஃபண்ட் பற்றிப் பேச வெளியாள் யாரையாவது அழைக்கலாமா?

அழைக்க வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளைக்குச் சிக்கனம் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது வேறு. தனக்கு எந்தெந்தப் பணம் வரும், எந்தக் கணக்கில் வரும், எந்த மாதத்தில் வரும், வந்ததில் எது தன்னுடையது, எது கல்லூரிக்குப் போக வேண்டியது என்பதுதான். அரசு உதவி தாமதமாக வரும், துண்டு துண்டாக வரும். அந்தத் தாமதத்தை அடைக்க வாங்கும் கடன்தான் பிள்ளைகளை மூழ்கடிக்கிறது. ஆலோசனை முழுவதும் இந்தத் தாமதத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

முதலில் பணத்தை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டுங்கள். கீழே வரும் அளவுகள் 2025 வரை நடைமுறையில் இருந்தவை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய அரசாணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, கைக்கே வராமல் கட்டணத்தில் கழிவது. முதல் பட்டதாரிச் சலுகை இந்த வகை. தொழிற்படிப்பில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும். சாதியோ வருமானமோ பார்ப்பதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் பயன்படுத்திவிட்டால் தங்கைக்குக் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிறகு சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு, அது செல்லாது. 2021 முதல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் இதே வகைதான். அதில் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் பயணச் செலவும் அரசுடையது. அவரிடம் கல்லூரி தனியாக ஏதாவது கேட்டால், ரசீதில் எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, மாதம் ₹1,000. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 முதல். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 முதல். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். இது பலருக்குத் தெரியாததால், உங்கள் வகுப்பில் கேட்காமலே விட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. முதுகலைக்குக் கிடையாது.

மூன்றாவதில்தான் குழப்பம் அதிகம்: கணக்குக்கு மொத்தமாக வந்து, அதில் ஒரு பகுதி கல்லூரிக்குப் போக வேண்டிய பணம். எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு ₹2.5 லட்சம். செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசும் 40 விழுக்காடு மாநில அரசும் ஏற்கின்றன. 2021-22 முதல் ஒன்றிய அரசின் பங்கு கல்லூரிக்குப் போகாமல் நேரே மாணவர் கணக்குக்கு வருகிறது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகுதான் ஒன்றியத்தின் பங்கு வரும் என்பதால், கல்வியாண்டு முடியும் தறுவாயில், சில வேளை அதற்கும் பிறகு, கணக்கில் ஒரு பெரிய தொகை விழும். அதில் கல்விக் கட்டணமும் இருக்கும், மாணவர் தன் செலவுக்கு வைத்துக்கொள்ள வேண்டிய கல்விப்படியும் இருக்கும்.

கல்விப்படி எவ்வளவு என்று தெரிந்தால் பிரிப்பது எளிது. பொறியியல், மருத்துவம் போன்ற முதல் பிரிவுக்கு விடுதியில் தங்குபவருக்கு ஆண்டுக்கு ₹13,500, வீட்டிலிருந்து வருபவருக்கு ₹7,000. இரண்டாம் பிரிவுக்கு ₹9,500, ₹6,500. பிஏ, பிஎஸ்சி, பிகாம் அடங்கிய மூன்றாம் பிரிவுக்கு ₹6,000, ₹3,000. ஐடிஐ, பாலிடெக்னிக் அடங்கிய நான்காம் பிரிவுக்கு ₹4,000, ₹2,500. மாற்றுத்திறனாளிக்குப் படியில் 10 விழுக்காடு கூடுதல். ஆக, தனியார் கல்லூரியில் பிஇ படிக்கும், வீட்டிலிருந்து வரும் மாணவர் கணக்கில் ₹40,000 விழுந்தால் அதில் அவருடையது அதிகபட்சம் ₹7,000. மீதி கல்லூரிக் கட்டணம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், பணம் வந்த அன்றே வீட்டில் மகளிர் குழுத் தவணைக்கும் அடகு நகைக்கும் போய்விடுகிறது. பிள்ளை ஊதாரி என்பதல்ல, அந்த வீட்டில் அந்த மாதம் அதைவிடப் பெரிய நெருக்கடி இருந்தது, அவ்வளவுதான். பிறகு கல்லூரி கேட்கும்போது கட்ட வழியில்லாமல் பிள்ளை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடும். ஆகவே இந்தப் பேச்சுக்கு அம்மாவையும் அழையுங்கள். வீட்டுக் கணக்கு பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

பாக்கியைக் காட்டி மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மூலச் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. மாணவருக்கு இது தெரிந்திருக்கட்டும். உங்கள் அலுவலகத்துக்கும்தான்.

நான்காவது, திருப்பிக் கட்ட வேண்டிய கல்விக் கடன். அதற்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் முதல் மூன்றும் ஒழுங்காக வந்து சேர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்: வங்கிக் கணக்கு.

‘ஆதார் இணைச்சாச்சு சார்’ என்று மாணவர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வங்கி தன் ஆவணத்துக்காக ஆதார் எண்ணைப் பதிவது ஒன்று. அரசுப் பணம் இந்த வங்கிக்கு வரட்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பு) பட்டியலில் ஏற்றுவது இன்னொன்று. முதலாவது எத்தனை வங்கியிலும் இருக்கலாம். இரண்டாவது ஒரு நேரத்தில் ஒரே வங்கியில்தான் இருக்கும், கடைசியாக எங்கே ஒப்புதல் கொடுத்தாரோ அங்கே. கல்லூரி வாசலில் மேசை போட்டு ‘ஜீரோ பேலன்ஸ்’ கணக்கு திறந்து கொடுக்கிற தனியார் வங்கியின் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும், உதவித்தொகை அங்கே போய்விடும். மாணவர் பழைய பாஸ்புக்கை மாதாமாதம் பதிவு செய்து பார்த்துவிட்டு, ‘எனக்கு மட்டும் வரல’ என்பார்.

சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைப் பார்க்க வேண்டும். எந்த வங்கி, இணைப்பு செயலில் இருக்கிறதா, எந்தத் தேதியில் இணைந்தது என்பவை தெரியும். கணக்கு எண் தெரியாது. அதே வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர் கிளையில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடிபி வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆதாரில் அப்பாவின் பழைய எண் இருக்கிறது என்று பொருள், ஆதார் மையத்தில் அதை மாற்றிய பிறகுதான் மற்ற வேலைகள். ஓடிபியை மாணவரே தட்டச்சு செய்யட்டும். நீங்களோ அலுவலக உதவியாளரோ கேட்டு வாங்கினால், நாளைக்கு ‘ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து பேசறோம்’ என்று மோசடிக்காரன் கேட்கும்போதும் பிள்ளை கொடுத்துவிடும். உதவித்தொகைக்காக எந்த அரசு அலுவலகமும் போனில் ஓடிபியோ க்யூஆர் கோடு ஸ்கேனோ கேட்காது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

கணக்கில் இன்னும் மூன்று கோளாறுகள் அடிக்கடி வரும். பள்ளியில் திறந்த கணக்கு மைனர் கணக்காகவே இருக்கும். 18 வயது முடிந்ததும் புதிய கையெழுத்தும் புகைப்படமும் ஆவணமும் கொடுக்காவிட்டால் பணம் எடுக்க முடியாமல் நிற்கும். முதலாமாண்டில்தான் பலருக்கு 18 முடிகிறது. அடுத்தது, முழு ஆவணம் இல்லாமல் திறந்த ‘சிறு கணக்கு’. அதில் அரசுப் பணம் வரத் தடையில்லை, ஆனால் மாதத்துக்கு ₹10,000-க்கு மேல் எடுக்க முடியாது. கட்டணப் பணம் ₹40,000 வந்தும் கட்ட முடியாமல் தவிப்பார்கள். கிளையில் முழு கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணம்) கொடுத்தால் அன்றோடு தீரும். மூன்றாவது பெயர்: ஆதாரில் ‘செல்வி கா’, மதிப்பெண் சான்றில் ‘கா. செல்வி’, பாஸ்புக்கில் ‘செல்வி காளிமுத்து’. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விண்ணப்பிக்கும் முன் ஆதாரைத் திருத்துங்கள். விண்ணப்பித்த பிறகு திருத்தினால் சரிபார்ப்பில் மாட்டும்.

சான்றிதழ் வேலையை மே மாதத்திலேயே முடிக்கச் சொல்லுங்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போகும். ஜூன், ஜூலையில் அங்கே கூட்டம் மலைபோல் குவியும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும், வருமானச் சான்றில்தான் காலம் பார்ப்பார்கள். இரண்டாமாண்டு மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். போன ஆண்டுச் சான்றையே வைத்துப் புதுப்பித்தல் விண்ணப்பம் போட்டுவிட்டு, திருப்பி அனுப்பப்பட்டது தெரியாமலே இருப்பார்கள்.

இனி நாட்காட்டி. ஒரு தாளில் ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு கட்டம். மேல்வரியில் கட்டாயச் செலவு: சேர்க்கைக் கட்டணம், சீருடை, ஆய்வகப் பதிவேடு, நவம்பரையும் ஏப்ரலையும் ஒட்டி வரும் தேர்வுக் கட்டணம், பஸ், சாப்பாடு. கீழ்வரியில் வரவு. முதல் தவணை கணக்கில் விழும்வரை எந்த உதவித்தொகையையும் வரவில் எழுதக் கூடாது. கீழ்வரியில் எழுத ஒன்றுமே இல்லாத மாதங்கள் எவை என்று தாளே காட்டும். பெரும்பாலும் அது ஜூலையும், தேர்வுக் கட்டணம் கட்டும் மாதமும்தான். ₹1,000 வரத் தொடங்கியதும் அதிலிருந்து ₹200 எடுத்து வங்கியில் ஆறு மாத ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு) போட்டால் அடுத்த தேர்வுக் கட்டணத்துக்கு ₹1,200 கையிருக்கும். அஞ்சலக ஆர்டி நல்லதுதான், ஆனால் அது ஐந்தாண்டுக் கணக்கு, இந்தத் தேவைக்குப் பொருந்தாது.

செலவைக் குறைக்கும் வழிகளையும் அதே தாளில் பாருங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதியும் பிற்படுத்தப்பட்டோர் விடுதியும் சாப்பாட்டோடு இலவசம். தனியார் விடுதிக்கு மாதம் ₹5,000 கட்டிக்கொண்டிருக்கும் மாணவர் அரசு விடுதிக்கு விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எந்த சேமிப்பு வகுப்பையும்விடப் பெரிய தொகையை மிச்சப்படுத்தும்.

காலியான மாதத்துக்குக் கடன் தேவைப்படும். ‘வாங்காதே’ என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை, விலையைக் காட்டுங்கள். ₹10,000 மூன்று மாதத்துக்கு வேண்டும். ஆண்டுக்கு 10 விழுக்காட்டில் நகைக்கடன் என்றால் வட்டி ₹250. ஊரில் அஞ்சு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் ₹1,500. கடன் ஆப்பில் ₹10,000 என்று காட்டி, கட்டணம் பிடித்து ₹6,000 மட்டும் கொடுத்து, ஏழாம் நாள் முழுப் பத்தாயிரத்தையும் கேட்டால், ஒரு வாரத்துக்கு வட்டி ₹4,000. கரும்பலகையில் இந்த மூன்று எண்ணும் போதும். ஆப்பில் ஏற்கெனவே சிக்கியவர் உங்களிடம் வந்தால், கட்ட இன்னொரு ஆப்பில் கடன் எடுக்க வேண்டாம் என்பது முதல் சொல். புகைப்படத்தை மாற்றி மிரட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு இணையக் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் கொடுப்பது அடுத்தது. கந்துவட்டி நெருக்கடிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆட்சியரிடமோ காவல் நிலையத்திலோ எழுதிக் கொடுக்கலாம்.

இதோடு சேர்த்து, இப்போது எல்லாக் கல்லூரியிலும் நுழைந்திருக்கும் ஒன்றைக் கண்டிப்பாகப் பேசுங்கள்: கணக்கை ‘வாடகைக்கு’ விடுவது. ‘உன் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் ஒரு மாசம் கொடு, ஐயாயிரம் தர்றேன்’ என்று சீனியர் ஒருவரே கேட்பார். அந்தக் கணக்கு வழியாக இணைய மோசடிப் பணம் ஓடும். எங்கோ வேறு மாநிலத்தில் பதிவான வழக்கில் கணக்கு முடக்கப்படும், உதவித்தொகையும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மீதே வழக்கு வரும். பணம் இல்லாத ஜூலையில்தான் இந்தப் பேரம் காதில் இனிக்கும், ஆகவே ஜூலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கல்விக் கடனுக்கு வருவோம். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி ₹4 லட்சம் வரை நம் பங்காக முன்பணம் போடத் தேவையில்லை, அடமானமும் கிடையாது. பெற்றோர் இணைக் கடனாளி. ₹7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து ஈடு கேட்கத் தேவையில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. இந்த ‘தவணை இல்லை’ என்பதை ‘வட்டி இல்லை’ என்று கேட்டுக்கொள்வதுதான் பெரிய தவறு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: ஆண்டுக்கு ₹1 லட்சம் வீதம் நான்காண்டு, 9 விழுக்காடு தனிவட்டி. முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி ₹45,000. இரண்டாவதுக்கு ₹36,000, மூன்றாவதுக்கு ₹27,000, நான்காவதுக்கு ₹18,000. தவணை தொடங்கும் நாளில் கடன் ₹4 லட்சம் அல்ல, ₹5,26,000. பத்தாண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய ₹6,660. வட்டி ஏறாமல் ₹4 லட்சமாகவே இருந்திருந்தால் ₹5,070 போதும்.

அந்த ₹1,26,000-ஐ அரசே ஏற்கும் வழி இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ₹4.5 லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்ப அல்லது தொழிற்படிப்பு படித்தால், ஒன்றிய அரசின் வட்டி மானியத் திட்டம் இந்தக் காலத்து வட்டி முழுவதையும் ஏற்கிறது. தானாக வந்துவிடாது. வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து, மானியத்துக்குப் பதிந்தார்களா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் கடன் கணக்கின் அறிக்கையை வாங்கி, மானியம் வரவு வைக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பாதியில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும், உடல்நலக் காரணத்துக்கு மட்டுமே விலக்கு. படிப்பை விடப்போகிறேன் என்று வரும் மாணவரிடம் வேறெதற்கும் முன் இதைச் சொல்லுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் ₹8 லட்சம் வருமானம் வரை, ₹10 லட்சம் கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. ஆனால் பட்டியலிட்ட உயர்தர நிறுவனங்களுக்கு மட்டும்தான். வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறுபவருக்கு அந்த 3 விழுக்காடு கிடைக்காது. இரண்டுக்கும் தகுதியுள்ளவர் எது பெரிது என்று கணக்குப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மானியத்துக்குத் தகுதி இல்லாதவர் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவருவது நல்லது. முதலாமாண்டில் மாதம் ₹750தான். அப்படிக் கட்டுபவருக்குப் பல வங்கிகள் வட்டி விகிதத்திலும் 1 விழுக்காடு வரை குறைக்கின்றன. மானியம் உள்ளவர் கட்டத் தேவையில்லை, அந்தப் பணம் சாப்பாட்டுக்குப் போகட்டும்.

கிளையில் வாய்மொழியாக ‘இல்லை’ என்றால் திரும்பி வந்துவிடக் கூடாது. விண்ணப்பத்துக்கு ஒப்புகையும், மறுத்தால் எழுத்தில் காரணமும் கேட்டு வாங்க வேண்டும். அதோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பார்க்கலாம். ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாமிலும் கொடுக்கலாம். வங்கியிடம் புகார் செய்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்.

அமர்வை எப்படி நடத்துவது என்பதும் முக்கியம். ‘எஸ்சி ஸ்காலர்ஷிப் வாங்கறவங்க எல்லாம் செமினார் ஹாலுக்கு வாங்க’ என்று ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள். அந்த ஓர் அறிவிப்பால் உதவித்தொகையே வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகள் உண்டு. ஆதார் சரிபார்ப்பும் கடன் கணக்கும் முதலாமாண்டு மொத்தத்துக்கும் பொதுவாக நடக்கட்டும். திட்டம் சார்ந்த பேச்சு தனியே, ஒருவருக்கு இருபது நிமிடம், கதவு சாத்திய அறையில். பாஸ்புக், சேர்க்கை ஆணை, கட்டண ரசீது மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பாஸ்புக்கோ ஏடிஎம் கார்டோ கல்லூரியில் தங்கக் கூடாது.

கடைசியாண்டு மாணவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. அந்த ஆண்டுக்கான உதவித்தொகை டிசி வாங்கிய பிறகும் வரலாம். கணக்கை மூடக் கூடாது, வேலைக்குச் சேரும் இடத்தில் சம்பளக் கணக்கு திறக்கும்போது ஆதார் பணத்தை அங்கே மாற்ற ஒப்புதல் கொடுக்கக் கூடாது, சிம்மைத் தூக்கிப் போடக் கூடாது. கடன் வாங்கியவர் புதிய முகவரியையும் போன் எண்ணையும் கடன் கொடுத்த கிளையில் எழுதிக் கொடுத்து, முதல் தவணை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பட்டும்.